கையைத் தளர்த்தினால் தலையாட்டும் ஸ்டீயரிங்! ஏன் தெரியுமா?

ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் வடக்குச் சுற்றுப்பாதையின் நீளம் 20.832 கிலோமீட்டர். அதன் கடைசிப் பகுதியில் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் நீளும் ஒரு நேர்ப்பாதை உண்டு. பிளேஸ்டேஷனில் கிரான் டூரிஸ்மோ 7 ஆடுபவர்களுக்கு அந்த இடம் அத்துப்படி. புதிதாக வாங்கிய டைரக்ட் டிரைவ் ஸ்டீயரிங்கோடு அங்கே முழு வேகத்தில் பறக்கும்போது பிடியைக் கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். ஸ்டீயரிங் இடப்பக்கம் ஒரு துளி நகரும். உடனே வலப்பக்கம். மறுபடி இடப்பக்கம், முன்பைவிட அதிகமாக! சில நொடிகளில் மேஜையே குலுங்கத் தொடங்கிவிடும்.

மோட்டார் பழுதா? பெரும்பாலும் இல்லை! கேம் கெட்டுவிட்டதா? அதுவும் இல்லை! நீராவி இயந்திரத்தையும் போர்க்கப்பலையும் லேத்தையும் ஆட்டிவைத்த அதே இயற்பியல்தான் உங்கள் மேஜையில் நின்று ஆடுகிறது. அந்த ஆட்டத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஓர் ஊரைச் சுற்றிவந்தால் பெரும்பகுதி விளங்கிவிடும். அந்த ஊர், வடமேற்கு ஜெர்மனியில் டொய்டொபுர்க் காட்டு மலைத்தொடரை ஒட்டியிருக்கும் பீலெஃபெல்ட்.

"இல்லவே இல்லை" என்று பெயரெடுத்த ஊர் தெரியுமா?

1214ஆம் ஆண்டிலிருந்து வரலாறு சொல்லும் நகரம் இது. மூன்று லட்சத்துக்கும் அதிகமான மக்கள் வசிக்கிறார்கள். ஆனாலும் 1994இல் ஒரு ஜெர்மன் மாணவர் இணையத்தில் கிளப்பிய வேடிக்கை, நாடு முழுக்கப் பரவியது: பீலெஃபெல்ட் என்று ஓர் ஊரே கிடையாதாம்! 2019இல் நகராட்சியே களமிறங்கி, ஊர் இல்லை என்று அசைக்க முடியாதபடி நிரூபிப்பவருக்குப் பத்து லட்சம் யூரோ பரிசு என்று அறிவித்தது. யாராலும் வெல்ல முடியவில்லை! எப்படி முடியும்? தையல் மெஷின், சைக்கிள், கார், லேத் என்று உலகம் முழுக்க ஓடும் இயந்திரங்களைச் செய்து அனுப்பிய ஊராயிற்றே!

தையல் மெஷினும் ரேஸ் ஸ்டீயரிங்கும் ஒரே வழியில் வளர்ந்தவை தெரியுமா?

பீலெஃபெல்டில் 1860இல் தையல் மெஷின் தொழிற்சாலை தொடங்கியது. அதுதான் பின்னாளின் கோக்ஸ் ஆட்லர். 1867இல் நிகோலாஸ் டுர்காப் தன் தொழிற்சாலையைத் தொடங்கினார். 1990இல் இரண்டும் இணைந்து டுர்காப் ஆட்லர் ஆயின. கார் இருக்கைகளின் தோல் உறை, உயிர் காக்கும் ஏர்பேக் போன்றவற்றைத் தைக்கும் கனரகத் தையல் மெஷின்களுக்கு இன்றும் பெயர்பெற்ற நிறுவனம் அது.

தையல் மெஷின் எப்படி மாறியது என்று திருப்பூர்க்காரர்களுக்கு விளக்கவே வேண்டாம். முன்பெல்லாம் மேஜைக்கு அடியில் கிளட்ச் மோட்டார், அங்கிருந்து மேலே ஒரு பெல்ட். தைத்தாலும் தைக்காவிட்டாலும் மோட்டார் சுற்றிக்கொண்டே இருக்கும். இப்போது மெஷினின் பிரதான ஷாஃப்ட்டிலேயே மோட்டார் உட்கார்ந்துவிட்டது. பெல்ட் இல்லை! ஊசி எங்கே நிற்க வேண்டுமோ அங்கே கச்சிதமாக நிற்கிறது. அதுதான் டைரக்ட் டிரைவ்.

கேம் ஸ்டீயரிங்கும் இதே பாதையில்தான் வந்தது! 1976இல் சேகாவின் மோட்டோ கிராஸ் ஆர்கேடில் மோதினால் கைப்பிடி அதிரும். 1989இல் அடாரி கேம்ஸின் ஹார்ட் டிரைவின் ஆர்கேடில் ஸ்டீயரிங்கே விசையோடு எதிர்த்துத் திருகியது. பிறகு வீட்டுக்கு வந்தவற்றில் சிறிய மோட்டாரும் பல்சக்கரமும், அடுத்து பெல்ட். இன்று மோட்டாரின் அச்சே ஸ்டீயரிங்கின் அச்சு! ஜெர்மனியின் ஃபனாடெக் தயாரித்த கிரான் டூரிஸ்மோ டிடி புரோ சாதாரணமாக 5 நியூட்டன் மீட்டர் டார்க் (திருகுவிசை) தரும், கூடுதல் பவர் சப்ளை மாட்டினால் 8. லாஜிடெக்கின் ஜி புரோ 11 தரும். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள வளையத்தின் விளிம்பில் 8 நியூட்டன் மீட்டர் என்றால், ஐந்து கிலோவுக்கு மேல் எடை தொங்கி இழுப்பதற்குச் சமம்!

முன்னேற்றமே ஆட்டத்தைக் கொண்டுவந்தது தெரியுமா?

இதுதான் ஆச்சரியங்களின் ஆச்சரியம்! பழைய பல்சக்கர ஸ்டீயரிங்கிலும் பெல்ட் ஸ்டீயரிங்கிலும் உராய்வு அதிகம். சாலையின் நுட்பமான அதிர்வுகளை அந்த உராய்வு விழுங்கிவிடும். ஆனால் அதே உராய்வுதான் ஆட்டத்தையும் சத்தமில்லாமல் விழுங்கிக்கொண்டிருந்தது. டைரக்ட் டிரைவ் வந்ததும் உராய்வு போயிற்று. டயரின் ஒவ்வொரு சிணுங்கலும் விரல்நுனிக்கு வந்தது. இத்தனை காலம் காவல் காத்தவன் வேலையை விட்டுப் போனதால், ஆட்டமும் கூடவே உள்ளே நுழைந்தது!

குற்றவாளியின் பெயர் தாமதம்! தெரியுமா?

நிஜக் காரில் ஸ்டீயரிங்கைத் திருப்பி விட்டால் அது தானே நடுவுக்குத் திரும்புகிறது அல்லவா? முன்சக்கரங்களின் அமைப்பும் டயரின் பிடிப்பும் சேர்ந்து தரும் நேராக்கும் விசை அது. கேமும் அதையே கணக்கிட்டு மோட்டாருக்கு அனுப்புகிறது. வேகம் கூடினால், கார் காற்றழுத்தத்தில் தரையோடு அழுந்தினால், இந்த விசையும் பெருகும். நேர்ப்பாதையில் ஆட்டம் வெறிகொள்வது அதனால்தான்!

ஆனால் அந்த விசை உங்கள் கைக்கு வரும் பாதையைப் பாருங்கள். ஸ்டீயரிங் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று சென்சார் படிக்கிறது. யூஎஸ்பி வழியாகத் தகவல் கன்சோலுக்குப் போகிறது. கேம் அதைத் தன் அடுத்த கணக்கில் சேர்த்துக்கொள்கிறது. விடை திரும்பி வருகிறது. மோட்டார் இருக்கும் அடிப்பெட்டியான வீல்பேஸ் அதை வடிகட்டுகிறது. பிறகுதான் மோட்டார் திருகுகிறது. வினாடிக்கு 60 முறை நடக்கும் ஒரு கணக்கில் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் இடைவெளியே சுமார் 16.7 மில்லிவினாடி. மோட்டார் திருகும் நேரத்தில் ஸ்டீயரிங் பழைய இடத்திலேயே இருக்காது!

ஊஞ்சல் உங்களை நோக்கி வரும்போது தடுத்தால் அது அடங்கும். அது திரும்பி உங்களைவிட்டு விலகிப் போகத் தொடங்கியபின் அதே கையால் அதே பலத்தோடு தள்ளினால்? இன்னும் உயரப் போகும்! தாமதமாக வரும் நேராக்கும் விசையும் அப்படியே. ஸ்டீயரிங் நடுவைக் கடந்தபிறகும் பழைய கட்டளையே தள்ளிக்கொண்டிருப்பதால், ஒவ்வொரு வீச்சிலும் கொஞ்சம் ஆற்றல் கூடுகிறது. அடக்க வந்த விசையே ஆட்டிவிடும் விசையாகிறது!

அதற்கு ஒரு கணக்கே இருக்கிறது தெரியுமா?

அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் கோல்கேட்டும் கெர்ட் ஷென்கலும் 1990களில் தொடுவிசைக் கருவிகளுக்காக ஓர் அழகான நிபந்தனையைக் கண்டார்கள். கருவியில் இயல்பாக உள்ள தணிப்பு, அதாவது ஆட்டத்தின் ஆற்றலைக் கரைக்கும் தன்மை, ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியிருந்தால் ஆட்டம் வராது. அந்த அளவு, கணினி உருவாக்கும் ஸ்பிரிங்கின் விறைப்பை ஒரு கணக்குப் படியின் நேரத்தால் பெருக்கி வரும் விடையில் பாதி. கணினியே செயற்கையாகச் சேர்க்கும் தணிப்பையும் அந்த அளவோடு கூட்டிக்கொள்ள வேண்டும்!

சாதாரணப் பேச்சில் சொன்னால் மூன்றே வழி. விறைப்பைக் குறை. தாமதத்தைக் குறை. தணிப்பைக் கூட்டு. உலகில் யார் எந்த ஸ்டீயரிங்கைச் சரிசெய்தாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் செய்கிறார்கள்! கன்சோலில் கேமின் கணக்கு வேகத்தை நம்மால் மாற்ற முடியாது. ஆகவே நமக்கு மிஞ்சுபவை விறைப்பும் தணிப்பும்.

லேத்தும் இப்படித்தான் அலறும் தெரியுமா?

மறுபடி பீலெஃபெல்டுக்கு வருவோம். 1870இல் ஃபிரீட்ரிஹ் கில்டமைஸ்டர் இங்கே தொடங்கிய இயந்திரக் கருவித் தொழிற்சாலைதான் இன்றைய டிஎம்ஜி மோரி குழுமத்தின் ஜெர்மன் வேர். லேத்தில் உலோகம் சீவும்போது சிலசமயம் காதைக் கிழிக்கும் அலறல் எழும். சீவிய பரப்பில் அலை அலையாகத் தழும்பு விழும். கோவைப் பட்டறைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இந்தச் சத்தம் நன்றாகத் தெரியும்.

காரணம் என்ன தெரியுமா? தாமதமேதான்! போன சுற்றில் கருவி விட்டுச்சென்ற அலையை, ஒரு முழுச் சுற்று கழித்து அதே கருவி மறுபடி வெட்டுகிறது. பழைய அலை புதிய விசையாகத் திரும்பி வந்து கருவியை இன்னும் ஆட்டுகிறது. 1907இலேயே ஃபிரெடெரிக் டெய்லர், இயந்திரப் பணியாளர் எதிர்கொள்ளும் சிக்கல்களில் மிகவும் பிடிபடாதது இதுதான் என்று எழுதினார். சுழலும் வேகத்தை மாற்றுவதும், அதிர்வைத் தணிக்கும் அமைப்பைச் சேர்ப்பதும் இதற்கு மருந்து. வெட்டும் பலத்தை முழுவதும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை!

கப்பலோட்டியின் கையைப் பார்த்துப் பிறந்த தீர்வு தெரியுமா?

டுர்காப் தொழிற்சாலை தொடங்கிய மறு ஆண்டு, 1868இல், ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் நீராவி இயந்திரங்களின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவிகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். வேகத்தை நிலையாக வைக்க வேண்டிய கருவி சிலசமயம் தானே ஏறி இறங்கி ஆடுவது ஏன் என்று கணிதத்தால் காட்டினார். பின்னூட்டம் என்ற அறிவியலுக்கே அடித்தளமான கட்டுரைகளில் ஒன்று அது!

அடுத்த பாய்ச்சல் கடலில் நடந்தது. ரஷ்யாவில் பிறந்து அமெரிக்கா சென்ற நிகோலஸ் மினோர்ஸ்கி, கப்பலைத் தானாகச் செலுத்தும் கருவி பற்றி 1922இல் எழுதினார். தேர்ந்த சுக்கான்காரர் என்ன செய்கிறார் என்று உற்றுப் பார்த்ததுதான் அவர் திறமை. கப்பல் எவ்வளவு விலகியது என்பதை மட்டும் அந்த மனிதர் பார்ப்பதில்லை. எவ்வளவு வேகமாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது என்பதையும் பார்த்து, முன்கூட்டியே எதிர்த்துப் பிடிக்கிறார்! மினோர்ஸ்கியின் கருவி நியூ மெக்சிகோ என்ற அமெரிக்கப் போர்க்கப்பலில் சோதிக்கப்பட்டது. வேகத்தைப் பார்த்து எதிர்க்கும் அந்தக் கூறுதான் இன்று உங்கள் வீல்பேஸ் மெனுவில் "டாம்பர்" என்ற பெயரில் உட்கார்ந்திருக்கிறது. நூறு ஆண்டு பழைய கடலறிவு உங்கள் விரல்நுனியில்!

புல்லட்டில் ஒரு குமிழ் இருந்தது தெரியுமா?

பீலெஃபெல்டின் டுர்காப் சைக்கிளும் காரும் செய்தது, 1950களில் டயானா என்ற ஸ்கூட்டரும் செய்தது. இரண்டு சக்கர வண்டியின் முன்சக்கரம் குறிப்பிட்ட வேகத்தில் இடமும் வலமும் படபடக்கும் என்பது பழைய தலைவலி. சைக்கிளில் அது வந்தால் முழங்கால்களால் ஃபிரேமை இறுக்கிப் பிடிக்கச் சொல்வார்கள். உடலின் தசை அந்த ஆற்றலைக் கரைத்துவிடும்.

நம் சென்னையில் 1955 முதல் உருவான புல்லட்டின் பழைய மாடல்களைப் பார்த்திருக்கிறீர்களா? ஹேண்டில்பாரின் நடுவே ஒரு குமிழ் இருக்கும். அதைத் திருகினால் ஸ்டீயரிங் கொஞ்சம் இறுகும். அதுதான் உராய்வு டாம்பர்! கரடுமுரடான சாலைக்கு ஒரு திருகு, நகரத்துக்குத் தளர்த்தல். கன்சோலில் நாம் எண்களால் செய்யும் வேலையை அன்று கையால் திருகிச் செய்தார்கள்.

குச்சிப்பூச்சி கற்றுத்தந்த ரோபோ தெரியுமா?

பீலெஃபெல்ட் பல்கலைக்கழகம் 1969இல் தொடங்கியது. அங்கே குச்சிப்பூச்சியின் நடையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். அந்த அறிவிலிருந்து பிறந்த ரோபோதான் ஹெக்டர். ஆறு கால்கள், பதினெட்டு மூட்டுகள். 2014இல் முதல் அடிகளை எடுத்து வைத்தது! அதன் மூட்டுகளில் விறைப்பான இணைப்பு இல்லை, தசைபோல நெகிழும் இணைப்பு. கரடுமுரடான தரையின் அடியை அந்த நெகிழ்வு வாங்கிக்கொள்ளும். ஆனால் நெகிழ்வு இருக்கும் இடத்தில் அலைவும் வரும். ஆகவே எவ்வளவு நெகிழ வேண்டும், எவ்வளவு தணிய வேண்டும் என்பதைக் கட்டுப்பாட்டு மென்பொருள் ஒவ்வொரு கணமும் பார்த்துக்கொள்ள வேண்டும். ரேஸ் ஸ்டீயரிங்கின் கேள்வியும் அச்சு அசல் இதுதான்!

சரி, கன்சோலில் என்னென்ன செய்யலாம் தெரியுமா?

கணினியில் ஆடுபவருக்கு டிரைவர் மென்பொருளில் எத்தனையோ கதவுகள் திறந்திருக்கும். கன்சோலில் இரண்டே இடம்: கேமின் செட்டிங்ஸ், வீல்பேஸின் சொந்த மெனு. ஆனால் அந்த இரண்டும் தாராளமாகப் போதும்! வரிசையாகச் செய்யுங்கள், ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

முதலில் இறுக்கம். வளையத்தைப் பூட்டும் க்விக் ரிலீஸில் ஆட்டம் இருக்கிறதா? மேஜை கிளாம்ப் தளர்ந்திருக்கிறதா? ஆடும் மேஜையும் ஒரு ஸ்பிரிங்தான். அதையும் சேர்த்து மோட்டார் ஆட்டிக்கொண்டிருக்கும்!

இரண்டாவது தணிப்பு. ஃபனாடெக் மெனுவில் என்.டி.பி. என்று வரும் நேச்சுரல் டாம்பரைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். லாஜிடெக் ஜி புரோவில் டாம்ப்பனர் என்ற பெயரில் இருக்கிறது. கையைத் தளர்த்தினால் ஆட்டம் இரண்டு மூன்று வீச்சுகளில் அடங்க வேண்டும். அந்த இடம் வந்ததும் நிறுத்துங்கள். அதற்கு மேலே போனால் ஸ்டீயரிங் சேற்றில் சிக்கியதுபோல் கனத்துவிடும், சறுக்கும் காரை மீட்க எதிர்த்திசையில் வேகமாகத் திருப்ப முடியாது.

மூன்றாவது உராய்வு. என்.எஃப்.ஆர். எனப்படும் நேச்சுரல் ஃபிரிக்‌ஷன் நடுவுக்குப் பக்கத்தில் நடக்கும் சின்னஞ்சிறு நடுக்கத்தை நிறுத்த உதவும். பழைய பெல்ட் ஸ்டீயரிங் இலவசமாகத் தந்த அதே உராய்வை இப்போது நாம் வேண்டிய அளவு மட்டும் அளந்து சேர்க்கிறோம்!

நான்காவதாகத்தான் விசை. கிரான் டூரிஸ்மோ 7இல் ஃபோர்ஸ் ஃபீட்பேக் மேக்ஸ் டார்க், சென்சிட்டிவிட்டி என்று இரண்டு அளவுகள், 1 முதல் 10 வரை. ஒவ்வொன்றாக ஒரு படி இறக்கி அதே நேர்ப்பாதையில் ஓட்டிப் பாருங்கள். பலரும் முதலிலேயே இதைப் பாதியாக்கிவிடுகிறார்கள். ஆட்டம் நிற்கும், உண்மைதான். காசு கொடுத்து வாங்கிய நுட்பமும் கூடவே போய்விடுமே!

மருந்துபோலத் தெரிந்து நோயை வளர்ப்பவை தெரியுமா?

இன்டர்போலேஷன் போன்ற மென்மையாக்கும் ஃபில்டர்கள் கேமின் படிக்கட்டு விசையை வழுவழுப்பாக்கும். ஆனால் வடிகட்டவும் நேரம் வேண்டும்! அளவுக்கு மீறிக் கூட்டினால் தாமதம் ஏறும், ஆட்டத்துக்குத் தீனி கிடைக்கும்.

என்.ஐ.என். எனப்படும் நேச்சுரல் இனர்ஷியா வளையம் கனமானதுபோன்ற உணர்வைத் தரும். கனம் ஆட்டத்தை மெதுவாக்கும், கரைக்காது! அதே காரணத்தால் பெரிய வளையத்துக்கு மாறும்போதும் கவனம் தேவை. எடை மாறாமல் விட்டம் மட்டும் 30இலிருந்து 33 சென்டிமீட்டர் ஆனால், விளிம்பின் நிலைமம் ஏறக்குறைய 21 சதவீதம் கூடிவிடும். அதே தணிப்பு அந்த ஆட்டத்தை அடக்கக் கூடுதல் நேரம் எடுக்கும். வளையம் மாற்றினால் செட்டிங்ஸையும் மறுபடி பார்க்க வேண்டும் என்பது இதனால்தான்.

இன்னொன்று, சுழலும் வரம்பு. 900 டிகிரியை 450 ஆக்கினால், கை ஒரு டிகிரி நகரும்போது முன்சக்கரம் இருமடங்கு திரும்பும். கை உணரும் விறைப்பும் நடுவில் ஏறக்குறைய இருமடங்காகும். அமைதியாக இருந்த ஸ்டீயரிங் திடீரென்று ஆடத் தொடங்குவதற்கு இந்த ஒரே மாற்றம் போதும்!

உலகின் மிகச் சிறந்த டாம்பர் எது தெரியுமா?

உங்கள் கை! தசையும் தோலும் மணிக்கட்டும் அதிர்வின் ஆற்றலை இயல்பாகவே கரைக்கின்றன. இரண்டு கையும் லேசாகத் தொட்டுக்கொண்டிருந்தாலே பெரும்பாலான ஆட்டம் எழவே எழாது. இரும்புப்பிடி தேவையில்லை. அளவுக்கு மீறி இறுக்கினால் தோள் வலிக்கும், விரல்நுனி உணர்வும் மங்கும். கட்டைவிரலை மட்டும் வளையத்துக்குள் கோர்க்காமல் விளிம்பின் மேல் வையுங்கள். சுவரில் மோதும் கணத்தில் ஸ்டீயரிங் சடாரென்று திருகும்போது ஆரக்கால் கட்டைவிரலில் அடிக்கும். பிள்ளைகள் விளையாடும் வீட்டில் டார்க்கைக் குறைத்து வைத்துவிட்டே அவர்கள் கையில் கொடுங்கள். 8 நியூட்டன் மீட்டர் ஒரு குழந்தையின் மணிக்கட்டுக்கு அதிகம்.

ஆட்டம் வந்தால் பயந்து பலத்தைக் குறைப்பதுதான் பெரும்பாலானோர் முதலில் செய்வது. மேக்ஸ்வெல்லும் மினோர்ஸ்கியும் பீலெஃபெல்டின் இயந்திரங்களும் நமக்குக் காட்டுவது வேறு: பலம் இருக்கட்டும், அதன் வேகத்துக்கு ஒரு சிறிய எதிர்ப்பைக் கொடு. இன்றே மெனுவைத் திறந்து டாம்பரை ஒரு படி ஏற்றிப் பாருங்கள். ஆட்டம் அடங்கும், டயர் பேசுவதும் கேட்கும்!